பிரவுன் அட்டைக்குள் ஒரு பாரிஸ் பதிப்பு

என் பைண்டிங் மேசைக்குப் பழுதுபார்க்க வந்த புத்தகம் ராட்கிளிஃப் ஹால் எழுதிய ‘தி வெல் ஆஃப் லோன்லினெஸ்’ நாவல். 1928ல் பாரிஸில் பெகாசஸ் பிரஸ் என்ற பதிப்பகம் போட்டது. முன்னட்டை நாலைந்து துணி இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. முதுகின் கீழ்ப்பாதியில் செல்லோடேப். முதல் ஃபாரமும் கடைசி ஃபாரமும் (ஃபாரம் என்பது மடித்துச் சேர்த்துத் தைக்கும் பக்கங்களின் கட்டு) தையல் விட்டுப்போய்த் தனியாக வந்தன. எல்லாவற்றுக்கும் மேலே பழைய பிரவுன் தாளில் ஒரு மேலட்டை, உள்பக்கம் மடித்து மூலைகளில் பசை போட்டு ஒட்டியது.

கொண்டுவந்தவர் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. அவருடைய அப்பா மூர் மார்க்கெட்டில் வாங்கியதாம். 1985 தீயில் அந்தக் கட்டடம் போவதற்கு முன்னால் சென்னையில் பழைய புத்தகம் தேடுகிறவர்கள் எல்லோரும் போன இடம் அதுதான்.

“தம்பி, இதைப் புதுசு மாதிரி பண்ணித் தர முடியுமா?” என்று கேட்டார்.

“பண்ணலாம்மா. ஆனா இந்தப் புத்தகத்துக்கு அது வேண்டாம். கிழியாம, உதிராம, நீங்க திறந்து படிக்கிற மாதிரி ஆக்கித் தர்றேன். பழசு பழசாவே இருக்கட்டும்” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு இந்தப் பதிப்பின் கதை தெரிய வேண்டும். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அந்தக் கதையை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

நாவல் முதலில் வந்தது லண்டனில், 1928 ஜூலை கடைசியில், ஜொனாதன் கேப் பதிப்பகத்தில். ஸ்டீஃபன் கார்டன் என்று ஆண் பெயர் வைத்து வளர்க்கப்பட்ட ஒரு பணக்காரக் குடும்பத்துப் பெண், குதிரையேற்றத்தில் தேர்ந்தவள், பிறகு எழுத்தாளராகிறாள், இன்னொரு பெண்ணைக் காதலிக்கிறாள். ராட்கிளிஃப் ஹாலும் பரம்பரைச் சொத்து உள்ளவர், குதிரைப் பித்து கொண்டவர், நண்பர்கள் ‘ஜான்’ என்றே கூப்பிட்டார்கள், ஊனா ட்ரூப்ரிட்ஜ் என்ற பெண்ணோடு ஒளிவுமறைவில்லாமல் வாழ்ந்தார். ஸ்டீஃபன் முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள், ஹால் ஓட்டியதில்லை. பாதி தன் கதை, பாதி கற்பனை. பாரிஸ் பகுதியில் வரும் வலேரி சீமோர் என்ற பாத்திரம் பாரிஸில் வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் நத்தலி பார்னியை வைத்து எழுதப்பட்டது என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

கேப் ஜாக்கிரதையாகத்தான் வெளியிட்டார். கறுப்புத் துணிக் கட்டு, படமில்லாத மேலுறை, விலை 15 ஷில்லிங். அன்றைக்குச் சாதாரண நாவலின் விலையைப்போல அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. முன்பக்கத்தில் பாலியல் ஆய்வாளர் ஹாவ்லாக் எல்லிஸின் சிறு குறிப்பு வேறு. பார்த்தாலே இது பொழுதுபோக்குப் புத்தகம் அல்ல என்று தெரியவேண்டும் என்பது கணக்கு. சில வாரம் அது பலித்தது. ஆகஸ்ட் 19 அன்று ‘சண்டே எக்ஸ்பிரஸ்’ ஆசிரியர் ஜேம்ஸ் டக்ளஸ் ஒரு தலையங்கம் எழுதினார். ஆரோக்கியமான ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ இந்த நாவலைக் கொடுப்பதைவிட ஒரு குப்பி பிரஸ்ஸிக் அமிலம் என்ற கொடிய விஷத்தைக் கொடுப்பேன் என்றார். கேப் தானாகவே உள்துறை அமைச்சர் வில்லியம் ஜாய்ன்சன்-ஹிக்ஸுக்குப் புத்தகத்தை அனுப்பிக் கருத்துக் கேட்டார். நிறுத்துங்கள் என்று பதில் வந்தது. நிறுத்திவிட்டோம் என்று கேப் அறிவித்தார். அதே சமயம் அச்சு வார்ப்புகளைச் சத்தமில்லாமல் பாரிஸுக்கு அனுப்பிவிட்டார்.

இந்த வார்ப்பு விஷயம் என்னைப்போன்ற ஆளுக்கு முக்கியம். ஈய எழுத்துகளைக் கோத்து முடித்த பக்கத்தின்மேல் ஈரக் காகிதக்கூழ் அட்டையை வைத்து அழுத்தினால் எழுத்துகள் அதில் பள்ளமாகப் பதியும். காய்ந்ததும் அந்த அட்டை லேசாக, மடித்து அனுப்பாத குறையாக, எங்கே வேண்டுமானாலும் போகும். போன இடத்தில் அதில் ஈயத்தை ஊற்றினால் பக்கம் மறுபடி பிறக்கும். எழுத்துக் கோக்கவே தேவையில்லை. பெகாசஸ் பிரஸ்ஸை நடத்திய ஜான் ஹோல்ராய்ட்-ரீஸ் அப்படித்தான் சில வாரங்களிலேயே புத்தகத்தைக் கொண்டுவந்தார். இந்தப் பிரதியின் தாளைத் திருப்பி, பின்பக்கம் விரலால் தடவினால் அச்சின் அழுத்தம் இன்னும் தெரிகிறது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் சில எழுத்துகளின் முனை மழுங்கியிருக்கிறது. வார்ப்பிலிருந்து அடித்த பக்கங்களில் எதிர்பார்க்கக்கூடிய மழுங்கல் அது.

அக்டோபரில் பாரிஸிலிருந்து லண்டன் விற்பனையாளர் லியோபோல்ட் ஹில்லுக்குப் போன 250 பிரதிகளை டோவர் துறைமுகத்தில் சுங்கத்துறை பிடித்தது. சுங்கத்துறைத் தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஃபிளட் புத்தகத்தைப் படித்துவிட்டு, தடுக்க வேண்டியது எதுவும் இல்லை என்று விடச் சொன்னார். விட்டார்கள். ஹில்லின் கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் போலீஸ் வந்து அள்ளியது. நவம்பர் 9 அன்று போ ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில் விசாரணை. சாட்சி சொல்லத் தயாராக வந்தவர்களில் வர்ஜீனியா வுல்ஃபும் ஈ. எம். ஃபார்ஸ்டரும் உண்டு. இலக்கியத் தரம் பற்றிய சாட்சியமே வேண்டாம் என்று நீதிபதி சார்ட்டர்ஸ் பைரன் மறுத்துவிட்டார். நவம்பர் 16 அன்று பிரதிகளை அழிக்க உத்தரவு. டிசம்பர் 14 அன்று மேல்முறையீடும் தள்ளுபடி. இத்தனைக்கும் அந்த நாவலில் அதிகபட்சம் முத்தம்தான் உண்டு. அதற்குமேல், அன்றிரவு அவர்கள் பிரிந்திருக்கவில்லை என்று ஒரு வரி. இங்கிலாந்தில் அது மறுபடி அச்சேறியது 1949ல், ஹால் இறந்து ஆறு வருடம் கழித்து.

பைரன் கையில் இருந்தது 1868ம் வருடத்து ஹிக்லின் அளவுகோல். கெட்டுப்போகக்கூடிய மனசு உள்ள ஒருவர் கையில் புத்தகம் கிடைத்தால் அவரைக் கெடுக்குமா என்று கேட்கும் அளவுகோல் அது. பம்பாய்ப் புத்தகக் கடைக்காரர் ஒருவர் டி. எச். லாரன்ஸின் ‘லேடி சாட்டர்லீஸ் லவர்’ நாவலை விற்றதற்காகத் தண்டிக்கப்பட்ட வழக்கில், 1964ல் நம் உச்ச நீதிமன்றமும் அதே அளவுகோலை வைத்துத்தான் அளந்தது. 2014ல்தான் அதைக் கைவிட்டார்கள். அதனால் இது ஏதோ வெள்ளைக்காரர்களின் பழைய வழக்கு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

அழிக்கச் சொன்ன புத்தகத்தின் ஒரு பிரதி நம் மேசையில் இருக்கிறது. யார் யார் கையிலோ மாறி, சென்னைக்கு வந்து, மூர் மார்க்கெட்டில் விலைபோய் இங்கே வந்திருக்கிறது. அதன் மேலுள்ள ஒவ்வொரு தடமும் அந்தப் பயணத்துக்குச் சாட்சி. ஒரு பைண்டராக நான் செய்யக்கூடிய பெரிய தீங்கு, அந்தச் சாட்சியைச் சுத்தமாகத் துடைத்துவிடுவது.

சரி, வேலைக்கு வருவோம்.

எடுத்ததும் படம் பிடித்துக்கொண்டேன். அட்டை, முதுகு, உள்தாள்கள், டேப் ஒட்டிய இடங்கள், பூச்சி அரித்த ஓட்டைகள். பக்கவாட்டில் விளக்கை வைத்து எடுத்தால் தாளின் மேடு பள்ளம் நன்றாகத் தெரியும். அப்புறம் பூச்சி. முதுகுக்குள் ராமபாணப் பூச்சி போன தடம் இருந்தது, உயிரோடு ஏதாவது இருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. பாலித்தீன் பையில் காற்றை அழுத்தி எடுத்து, இரண்டு பைக்குள் சீல் வைத்து, ஃபிரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்கக்கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை விடவேண்டும், இல்லையென்றால் சென்னைக் காற்றின் ஈரம் முழுக்கப் புத்தகத்தின்மேல் வியர்த்துவிடும். மருந்து அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்தது தூசி. மென்மையான அகலப் பிரஷ், பிறகு புகைக்கரி துடைக்கும் ரப்பர் ஸ்பாஞ்ச். பக்கங்களின் ஓரத்தில் மட்டும், உள்ளிருந்து வெளியே. அச்சின்மேல் தேய்க்கவில்லை. காய்ந்த பூஞ்சணம் பின் உள்தாளில் கொஞ்சம் இருந்தது. அதை மொட்டைமாடியில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்று என்னைத் தாண்டிப் போகும் பக்கமாக உட்கார்ந்து பிரஷ்ஷால் தட்டினேன். பழுப்புப் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. பிளீச் போட்டு வெளுக்கச் செய்கிறவர்கள் உண்டு. தாளின் ஆயுசைக் கொடுத்து அழகை வாங்கும் வேலை அது.

பிரவுன் அட்டைதான் நான் அதிக நேரம் உட்கார்ந்து யோசித்த இடம். அந்தத் தாளில் அமிலம் அதிகம். தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தையெல்லாம் பழுப்பாக்கும். எடுத்தே ஆகவேண்டும். ஆனால் அதைப் போட்டது யார், ஏன்? நம் ஊரில் எல்லாப் புத்தகத்துக்கும் அட்டை போடுவோம், ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்தால் வீட்டுக்கு வீடு அதே வேலை. அதனால் இது வெறும் பழக்கமாக இருக்கலாம். ஆனால் அட்டை போட்டால் மேலே பெயர் எழுதுவதும் நம் பழக்கம்தான். இதில் எதுவும் எழுதவில்லை. முதுகிலும் இல்லை, முகப்பிலும் இல்லை. அலமாரியில் எது என்று தெரியாதபடி நின்ற ஒரு புத்தகம்.

மூலைகளில் இருந்தது மாவுப்பசை என்பதால் நல்ல காலம். மீதைல் செல்லுலோஸ் என்ற பொடியைத் தண்ணீரில் கெட்டியான கூழாகக் கரைத்து, பசை இருந்த இடத்தில் மட்டும் ஒரு சிறு துண்டு ஜப்பானியத் தாளின்மேல் தடவி வைத்தேன். பத்து நிமிஷத்தில் பசை இளகியது. மெல்லிய ஸ்பேட்டுலாவைப் படுக்கையாக நுழைத்து நகர்த்த, மடிப்பு கிழியாமல் வந்தது. கறுப்புத் துணியில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து பைண்டிங் துணியில் கஞ்சி ஏற்றியிருப்பார்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் காய்ந்ததும் வெள்ளையாக வளையம் நின்றுவிடும், அதை எடுக்கவே முடியாது.

பிரவுன் தாள் போனதும் உள்ளே துணி நல்ல கறுப்பாக இருந்தது. முதுகில் பொன் எழுத்து மங்காமல் நின்றது. மறைக்கப் போட்டதோ காக்கப் போட்டதோ, அது இந்த அட்டையைக் காப்பாற்றியிருக்கிறது. தாளைத் தூக்கிப்போடவில்லை. மடிப்புகளைத் தட்டையாக்கி, மைலார் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தனியாக வைத்தேன். புத்தகத்தோடு அதுவும் போகும்.

செல்லோடேப் எடுக்கும் வேலைக்கு அவசரம் ஆகாது. பழசான டேப்பின் மேல் பிளாஸ்டிக் காய்ந்து தானே உரியும், கஷ்டம் கொடுப்பது கீழே தங்கும் பசை. அது மஞ்சளாகி, பிசுபிசுத்து, துணி இழைக்குள்ளும் தாளுக்குள்ளும் இறங்கியிருக்கும். பிளாஸ்டிக்கை இடுக்கியால் பின்பக்கமாக மடித்து, ரொம்பத் தாழ்வாக இழுத்தேன். துணியின் மேல் தங்கிய பசையை கிரேப் ரப்பரால் உருட்டி உருட்டி எடுத்தேன். முன் உள்தாளிலும் ஒரு துண்டு டேப் இருந்தது. அங்கே எத்தில் அசிடேட் தொட்ட பஞ்சுக்குச்சி, அடியில் ஒற்றுத்தாள், ஜன்னலெல்லாம் திறந்து. கறையின் மேல்படை போனது, உள்ளே ஊறியது போகவில்லை. போகாததை விட்டுவிட்டேன். கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஊற்றினால் கறை பரவி இன்னும் பெரிய வட்டமாகும்.

முதுகைப் பிரித்தபோது உள்ளே இரண்டு வகைப் பசை. முதலாவது அசல், 1928ல் போட்ட வஜ்ரம், கண்ணாடி மாதிரி காய்ந்து பொடிந்துகொண்டிருந்தது. அதன்மேல் பிற்காலத்தில் யாரோ போட்ட மாவுப்பசை, லேசாகப் பச்சை தட்டியது. பார்த்ததுமே மயில்துத்தமாகத்தான் (செம்பு சல்ஃபேட்) இருக்கும் என்று தோன்றியது. நம் பட்டறைகளில் மைதாப்பசை காய்ச்சும்போது பூச்சி வராமல் இருக்க ஒரு சிட்டிகை துத்தம் போடுவது வழக்கம். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவரும் போடுவார். கணக்குப் புத்தகத்துக்கும் ரெஜிஸ்டருக்கும் அது சரியான வழி. நூறு வருடம் வைத்திருக்க வேண்டிய புத்தகத்துக்கு ஆகாது. செம்பு உப்பு தாளின் நாரைச் சிதைக்கும். பசை தொட்ட இடம் பழுப்பாகி ஒடியும். இங்கே ஃபாரங்களின் முதுகு மடிப்பில் அதுதான் நடந்திருந்தது.

அதனால் முதுகு முழுவதையும் சுத்தம் செய்தேன். புத்தகத்தைக் குத்துப்பலகைகளுக்கு நடுவில் இறுக்கி, முதுகு மேலே பார்க்க நிறுத்தி, மீதைல் செல்லுலோஸ் கூழைக் கனமாகத் தடவி, கால் மணி நேரம் விட்டேன். வஜ்ரம் ஜெல்லியாக இளகும். மழுங்கிய எலும்புக்கத்தியால் மடிப்பின் திசையில் வழித்து எடுத்து, மறுபடி தடவி, மறுபடி வழித்தேன். பழைய மல் துணி தூள்தூளாக வந்தது. ஈரம் உள்ளே இறங்குவதற்குள் ஒற்றுத்தாள் வைத்து எடுத்துவிட வேண்டும். நல்ல மூக்கு உள்ளவர்களுக்கு இந்தக் கட்டம் கொஞ்சம் சிரமம், வஜ்ரம் என்பது தோலும் எலும்பும் காய்ச்சியது.

பசைக்கு நான் வைத்திருப்பது கோதுமை ஸ்டார்ச். மைதா வேறு, இது வேறு. மைதாவில் இருக்கிற ஒட்டும் புரதம்தான் பூச்சியையும் பூஞ்சணத்தையும் கூப்பிடுவது; அதைக் கழுவி எடுத்துவிட்டு மிச்சமாகும் வெறும் மாவுச்சத்து இது. ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர், சின்னத் தீயில் கை விடாமல் கிண்டி அரை மணி நேரம். ஆறியதும் குதிரைமயிர் சல்லடையில் மூன்று தடவை தேய்த்து எடுத்தால் வெண்ணெய்ப் பதம் வரும். இதில் துத்தமும் இல்லை, வேறு மருந்தும் இல்லை, அதனால் நாலைந்து நாளில் கெட்டுப்போகும். வேண்டும்போது புதிதாகக் காய்ச்சிக்கொள்ள வேண்டியதுதான். இதன் பெரிய குணம், ஐம்பது வருடம் கழித்து இன்னொருவர் தண்ணீர் தொட்டால் விட்டுக்கொடுக்கும். வெள்ளை பிளாஸ்டிக் பசை காய்ந்தால் காய்ந்ததுதான். அதைப் பழைய புத்தகத்தில் போடுகிறவர், தனக்குப் பின்னால் வருகிற எல்லாப் பைண்டருக்கும் கதவைச் சாத்திவிடுகிறார்.

ஒடிந்த மடிப்புகளுக்கு மெல்லிய ஜப்பானியத் தாள். முசுக்கட்டை இனத்து மரப்பட்டை நாரில் செய்தது. பிடித்துப் பார்த்தால் புகை மாதிரி இருக்கும், இழுத்துப் பார்த்தால் அதன் பலம் தெரியும். கத்தரிக்கோலால் வெட்டக்கூடாது. தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் கோடு இழுத்து, கையால் பிரித்தால் ஓரத்தில் நார்கள் நீண்டு நிற்கும். அந்த நார்கள்தான் பக்கத்துத் தாளில் பாவிப் பிடிக்கும், கோடு தெரியாது. நார் ஓட்டம் புத்தகத்தின் உயரத்தோடு போகும்படி வைத்தேன். குறுக்கே வைத்தால் பக்கம் விறைத்து, திருப்பும்போது மறுபடி அங்கேயே ஒடியும். ஒவ்வொரு மடிப்பையும் ஒட்டியதும் மேலும் கீழும் பாலியெஸ்டர் துணி, ஒற்றுத்தாள், கண்ணாடிப் பலகை, எடை. ஏசி போட்ட அறையிலேயே காய வைத்தேன். புழுக்கத்தில் விட்டால் பசை காய்வதற்குள் பூஞ்சணம் முந்திக்கொள்ளும்.

தளர்ந்த இரண்டு ஃபாரங்களைப் பழைய ஊசி ஓட்டைகளிலேயே லினன் நூலால் தைத்துப் பக்கத்து ஃபாரத்தின் முடிச்சோடு சேர்த்தேன். நடுவில் இருந்தவற்றின் தையல் திடமாக இருந்தது. அவற்றைப் பிரிக்கவில்லை. முழுவதும் பிரித்துத் தைத்தால் வேலை எனக்கு எளிது, ஆனால் 1928ல் ஒரு கை போட்ட முடிச்சு அது. முதுகில் முதலில் ஜப்பானியத் தாள் ஒரு படை, அதன்மேல் புது மல் துணி, இரண்டு பக்கமும் விரற்கடை அகலம் நீட்டி விட்டு.

அப்புறம்தான் அந்த உள்தாள். முன் வெற்றுத்தாளின் வலது மேல் மூலையில் சீட்டு அளவுக்குச் செவ்வகமாக ஒரு ஓட்டை. பூச்சி அரித்தது அல்ல, பிளேடால் வெட்டியது. ஓரம் நேராக இருக்கிறது, பிளேடின் முனை அழுந்தி அடுத்த தாளிலும் மெலிதாக ஒரு கீறல். பெயர் எழுதும் இடம் அது. யாரோ தன் பெயரை எடுத்துக்கொண்டு புத்தகத்தை மட்டும் விட்டிருக்கிறார்கள், அல்லது வாங்கியவர் முந்தையவரின் பெயரை எடுத்திருக்கிறார். ஓட்டையின் கீழ் முனையிலிருந்து தாளின் விளிம்புவரை கிழிசல் ஓடியிருந்தது.

அம்மாவை அழைத்துக் காட்டினேன்.

“அதே கலர் தாள் வெச்சு அடைச்சிடலாமா தம்பி?”

“அடைக்கலாம்மா, தெரியாமலே செய்ய முடியும். உங்க அப்பா வெட்டியிருப்பாரா?”

“இல்லை. அப்பா எந்தப் புத்தகம் வாங்கினாலும் முதல் பக்கத்துல பேரும் தேதியும் எழுதுவார். வீட்டுல இருக்கிற அத்தனையிலும் இருக்கு.” கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதுல மட்டும் எழுதலை.”

ஓட்டையை அப்படியே விட்டுவிடலாம் என்று அவரே சொன்னார். கிழிசலை மட்டும் மூடி, அடுத்த தாளின் கீறலுக்குப் பின்பக்கமாக ஒரு நூல் அளவு ஜப்பானியத் தாள் வைத்தேன். வெட்டிய ஓரத்தைத் தொடவில்லை. சேகரிப்பாளர் பார்வையில் வெட்டுப்பட்ட உள்தாள் ஒரு குறைதான், விலை இறங்கும். எனக்கு அதில் மாற்றுக் கருத்து. இந்த நாவல் வைத்திருப்பவரின் பெயரோடு அலமாரியில் நிற்க முடியாத காலம் ஒன்று இருந்தது. அந்தச் செவ்வகத்தைவிட அதை நன்றாகச் சொல்லும் எதுவும் இந்தப் பிரதியில் கிடையாது.

இந்த இடத்தில் பழைய பதிப்பு வாங்க நினைக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கேப்பின் முதல் அச்சில் 50ம் பக்கத்தில் ‘விப்ஸ்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் கடைசி எழுத்து விழுந்து ‘விப்’ என்று இருக்கும். முதல் வெளியீடா என்று பார்க்க எல்லோரும் திருப்பும் பக்கம் அது. அமெரிக்கப் பதிப்பு கோவிசி-ஃப்ரீடே போட்டது. 1929 ஜனவரியில் நியூயார்க் போலீஸ் அதில் 865 பிரதிகளைப் பிடித்தது. ஏப்ரலில் நீதிமன்றம் விடுவித்துவிட்டது, அதனால் அந்தப் பதிப்பு ஏராளமாகக் கிடைக்கும். பெகாசஸ் பிரதிகளின் நிலைமை வேறு. பாரிஸ் கார் து நோர் ரயில் நிலையத்தில் லண்டனுக்குப் போகும் சொகுசு ரயிலின் பயணிகளுக்குத் தள்ளுவண்டியில் வைத்து விற்றார்கள். வாங்கியவர்கள் பெட்டிக்குள் ஒளித்துக் கடல் தாண்டினார்கள். பயணம் செய்த புத்தகம் அழுக்கில்லாமல் இருக்காது. ரொம்பச் சுத்தமான பிரதி என்று யாராவது காட்டினால், உள்தாள்கள் மாற்றப்பட்டிருக்கின்றனவா, முதுகு மறுபடி கட்டப்பட்டதா என்று விளக்கின் பக்கம் பிடித்துப் பாருங்கள். நகல் மேலுறை போட்டு விற்றால் அது நகல் என்று உள்ளே அச்சாகியிருக்க வேண்டும். அமிலம் பார்க்கும் பேனாவை இந்த மாதிரிப் புத்தகத்தில் போடவே போடாதீர்கள், கோடு நிரந்தரமாக நிற்கும்.

முதுகு கட்டும் வேலை கடைசி. பழைய முதுகுத் துணியைப் பொன் எழுத்தோடு முழுசாக எடுத்து வைத்திருந்தேன். இரண்டு அட்டையிலும் துணியின் ஓரத்தைச் சின்ன ஸ்பேட்டுலாவால், ஈரம் தொடாமல், விரற்கடை அளவு கிளப்பினேன். கனமான ஜப்பானியத் தாளை அக்ரிலிக் வண்ணத்தில் சாயம் ஏற்றிக்கொண்டேன். சுத்தக் கறுப்பு பொருந்தாது, பழைய கறுப்பில் ஒரு பழுப்பு ஓடும். கறுப்பில் கொஞ்சம் காவி கலந்து, காயவைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி கலந்தேன். அந்தத் தாளில் முதுகுக்குக் குழல் கட்டி, இரண்டு ஓரத்தையும் கிளப்பிய துணிக்கு அடியில் நுழைத்து ஒட்டினேன். அதன்மேல் பழைய முதுகைத் திருப்பி ஒட்டினேன். கீழ்ப்பாதியில் டேப் கறை தெரிகிறது. அதற்குப் பக்கத்தில் புதுத் தாளும் தெரிகிறது, கை நீட்டிய தூரத்தில் கண்ணில் படாது, கிட்டத்தில் பார்த்தால் எது பழசு எது என் வேலை என்று யாரும் சொல்லிவிடலாம். அப்படித்தான் இருக்கவேண்டும்.

குழல் முதுகு என்பதால் திறக்கும்போது முதுகுத் துணி மடங்காமல் விலகி நிற்கிறது. பொன் எழுத்து இனி ஒடியாது. முழுக்க விரித்துப் படுக்க வைக்காமல், செங்கோணத்துக்குச் சற்று அதிகமாக, இரண்டு பக்கமும் தலையணை வைத்துத்தான் படிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். நடு ஃபாரங்களின் பழைய தையல் அதற்குமேல் தாங்காது.

அமிலமில்லா அட்டையில் பெட்டி ஒன்று செய்தேன். உள்ளே புத்தகம், மைலார் உறையில் பிரவுன் தாள், என்னென்ன செய்தேன் என்று பொருள்களின் பெயரோடு ஒரு தாள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், மழைக்காலத்தில் சுவர் ஈரத்தைக் குடிக்கும். பாச்சை உருண்டை போடவே கூடாது. வசம்பை மூட்டை கட்டி அலமாரியில் வைக்கலாம், தாளைத் தொடாமல். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி விலை குறைவு, அறுபது சதவீதத்தைத் தாண்டினால் மின்விசிறியைப் போட்டுவிடுங்கள் என்றேன்.

பெட்டியின் முதுகில் பெயர் எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுதுங்க தம்பி, பெருசா எழுதுங்க” என்றார். நாவலின் பெயர், ஹாலின் பெயர், பெகாசஸ் பிரஸ், பாரிஸ், 1928 என்று எழுதினேன். பின் அட்டையின் உள்மூட்டு கொஞ்சம் விறைப்பாகவே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், தளர்ந்திருந்தால் அங்கே இன்னொரு படை ஜப்பானியத் தாள் வைக்கவேண்டும்.